ரஸ், த்வா, ட்ஷி: போலந்தின் வல்லூறுச் சங்கங்கள்

போலிஷ் மொழியில் சொக்குவ் என்றால் வல்லூறு. செக் மொழியில் இதுவே சோகோல். போலந்து வரலாற்றைக் கொஞ்சம் கிளறினாலே இந்தப் பெயரில் இயங்கிய உடற்பயிற்சிச் சங்கங்கள் தட்டுப்படும். சாரணர் இயக்கம், கால்பந்து, 1914-ன் படையணிகள், அமெரிக்காவில் திரண்ட நீலப் படை என எதைத் தொட்டாலும் அடியில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் இருக்கும். எழுதுகிறவர்கள் கொடி, அணிவகுப்பு, வீர உரை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கூடம்தான் முக்கியமாகப் படுகிறது. விளக்கு ஏற்றிய மாலை நேரத்தில், தூசி பறக்கும் பலகைத் தரையில், பத்துப் பேர் வரிசையாக நின்று பார் கம்பியில் தொங்கி இறங்குவது அரசியல் வேலையாக எப்படி ஆனது என்பதுதான் இந்தப் பதிவு.

போலந்து 1795-ல் வரைபடத்திலிருந்து மறைந்தது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன. ரஷ்யப் பகுதியில் 1863 ஜனவரியில் வெடித்த கிளர்ச்சி மறு ஆண்டே அடங்கியது. தூக்கு, சைபீரியா, சொத்துப் பறிமுதல். ஆஸ்திரியாவின் பங்காக இருந்த கலீசியாவில் மட்டும் காற்று திசை மாறியது. 1866-ல் பிரஷ்யாவிடம் தோற்ற வியன்னா அரசு, தன் கீழிருந்த மக்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. கலீசியாவுக்குத் தன்னாட்சி கிடைத்தது. பள்ளியிலும் அலுவலகத்திலும் போலிஷ் மொழி நுழைந்தது. அந்த இடைவெளியில்தான் லுவூவ் நகரில், அதாவது இன்றைய உக்ரைனின் லிவீவில், கிளெமென்ஸ் ஜுகோட்டின்ஸ்கி, லுட்விக் கோல்டென்டால் என்ற இரண்டு மாணவர்கள் உடற்பயிற்சிச் சங்கம் ஒன்றுக்கு முன்முயற்சி எடுத்தார்கள். 1867 பிப்ரவரி 7 சங்கத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது.

மாதிரி பிராகிலிருந்து வந்தது. அங்கே 1862-ல் மிரோஸ்லாவ் திர்ஷும் இந்த்ரிக் ஃபூக்னரும் செக் சோகோலைத் தொடங்கியிருந்தார்கள். திர்ஷ் தத்துவமும் கலையும் படித்தவர். ஃபூக்னர் காப்பீட்டுத் தொழிலில் இருந்தவர். கூடம் கட்டப் பணம் போட்டவரும் அவரே. திர்ஷின் முறையோ ஜெர்மன்காரர்களிடமிருந்து எடுத்தது. 1811-ல் பெர்லினுக்கு வெளியே ஹாசன்ஹைடே திடலில் ஃப்ரீட்ரிக் லுட்விக் யான் நெப்போலியனை எதிர்க்க இளைஞர்களைப் பழக்கியபோது புழக்கத்துக்கு வந்த பார், இணைக் கம்பி, குதிரை எனப்படும் தாண்டு கருவி எல்லாம் இதில் அப்படியே உண்டு. பிரெஞ்சுக்காரனுக்கு எதிராக ஜெர்மானியன் நட்ட கம்பியை, ஜெர்மானியனுக்கு எதிராகச் செக்காரன் எடுத்தான். அவனிடமிருந்து போலந்துக்காரன் வாங்கிக்கொண்டான். கம்பிக்கு நாடு கிடையாது. கட்டளைக்கு உண்டு.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. கருவிகளோடு கலைச்சொற்களும் ஜெர்மனில் வந்துவிட்டன. கம்பியை மேலிருந்து பிடிப்பது, கீழிருந்து பிடிப்பது, முழங்காலால் தொங்குவது, ஆடி எழுவது என ஒவ்வொன்றுக்கும் ஜெர்மனில் தனிச்சொல் இருந்தது, போலிஷில் இல்லை. லுவூவ் கூடத்தின் ஆசிரியர் அந்தோனி துர்ஸ்கி உட்கார்ந்து சொல் உண்டாக்கினார், கையேடுகள் எழுதினார். 1881-லிருந்து சங்கத்தின் சொந்த இதழும் வந்தது. அதில் ஒரு பயிற்சியைப் பற்றி எழுதினால் தொலைவில் இருக்கும் ஊர்க்காரன் படத்தைப் பார்க்காமலே செய்துபார்க்க முடிய வேண்டும். சொல் ஒன்றுபடாமல் இது நடக்காது.

கட்டளை என்பது இரண்டு துண்டு. முதல் துண்டு எதைச் செய்யப்போகிறோம் என்பதைச் சொல்லும், நீளமாக இருக்கலாம். அதற்குப் பிறகு ஒரு மூச்சு இடைவெளி. இரண்டாம் துண்டு செயலைத் தொடங்கிவைக்கும். அது வெட்டினாற்போல் முடிய வேண்டும். இடைவெளியை ஒரே அளவாக வைக்காத ஆசிரியரிடம் பாதி வரிசை முந்திக்கொள்ளும், மீதி வரிசை தூங்கும். போலிஷில் அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். நீளமான சொல் செயல் துண்டாக வந்தால் வால் தொங்கும். எண்ணிக்கையைப் பாருங்கள். 'ஒன்று' என்பதற்கு வழக்கமான போலிஷ் சொல் யெதென், இரண்டு அசை. தாளத்துக்கு எண்ணும்போது அதை விட்டுவிட்டு ரஸ் என்பார்கள். 'ஒரு தடவை' என்று பொருள்; ஒரே அசை. ரஸ், த்வா, ட்ஷி என்று மூன்று அடியும் சுத்தியல் மாதிரி விழும். நான்காவதான ச்டெரி மட்டும் இரண்டு அசையாக வந்து அடுத்த ரஸ்ஸுக்குக் கைகொடுக்கும். இது சொக்குவ் கண்டுபிடித்ததல்ல, மொழியிலேயே கிடந்தது. ஆனால் ஜெர்மன் எண்ணிக்கைக்கே பழகிய ஊரில் ஐம்பது பேர் சேர்ந்து அதைச் சத்தமாகச் சொன்னால் தெருவுக்குக் கேட்கும்.

ஒரு மாலைப் பயிற்சி இப்படிப் போகும். உயர வரிசையில் நிற்பார்கள். நடை, ஓட்டம், வரிசை மாற்றம். பிறகு எல்லோரும் சேர்ந்து கருவி இல்லாத பயிற்சி. உடல் சூடானதும் கூட்டத்தைச் சிறு குழுக்களாகப் பிரிப்பார்கள். குழுவுக்குப் பெயர் ஸஸ்டெம்ப்; குழுத் தலைவர் ஸஸ்டெம்போவி. எட்டு, பத்து பேர் இருந்தால் நல்லது. கூடினால் ஒருவர் தொங்கும்போது மற்றவர்கள் நின்றே குளிர்ந்துபோவார்கள். குளிர்ந்த தோளோடு கம்பியில் ஆடினால் பிசகிக்கொள்ளும். ஒரு குழு பாரில், ஒன்று இணைக் கம்பியில், ஒன்று குதிரையில், இன்னொன்று வளையத்தில். மணி அடித்தால் இடம் மாறுவார்கள். கடைசியில் விளையாட்டோ மனித கோபுரமோ. கோபுரத்தில் ஏறுவதைவிட இறங்குவதில்தான் அடிபடும். மேலே இருப்பவன் குதித்த பிறகுதான் கீழே இருப்பவன் முதுகை அசைக்கலாம். அது தெரியாத குழுவில் கழுத்தெலும்பு உடையும். ஸஸ்டெம்போவியின் முதல் வேலை, செய்து காட்டுவது. இரண்டாவது வேலை, கம்பிக்குப் பக்கத்தில் நின்று பிடிப்பது. இரண்டாவதை விட்டுவிடுகிறவனுக்குக் குழு கொடுக்கக் கூடாது.

கருவிகளில் ஒன்று நமக்குத் தெரிந்ததுதான். கையில் சுழற்றும் மரக்கட்டைக்குப் போலிஷில் மச்சுகா என்று பெயர். இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய ராணுவத்தார் வழியாக 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போன கர்லாக்கட்டைதான் அது. எடை குறைந்து, மெலிந்து, பெண்கள் பிரிவின் காட்சிப் பயிற்சிக்கு வந்து சேர்ந்துவிட்டது. நம் ஊர்ப் பயில்வான் பார்த்தால் விளையாட்டுச் சாமான் என்பார்.

1890-களில் சண்டை வந்தது. கருவிப் பயிற்சி பலசாலிகளுக்குத்தான், மெலிந்த குமாஸ்தாவுக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் எதுவும் தரவில்லை என்றது ஒரு தரப்பு. அவர்கள் ஸ்வீடன் முறையைக் கொண்டுவந்தார்கள்: சுவர் ஏணி, நீள பெஞ்சு, பெட்டி, மூச்சுக்கும் முதுகெலும்புக்கும் ஒழுங்கான வரிசை. மற்றத் தரப்போ, அதில் துணிச்சல் எங்கே என்று கேட்டது. எனக்கென்னவோ இருவர் சொல்வதிலும் நியாயம் தெரிகிறது. ஸ்வீடன் முறைக்காரர் கேட்டது முதுகு நிமிர. மற்றவருக்கு வேண்டியிருந்தது பயம் போக. கடைசியில் இரண்டையும் கலந்துகொண்டார்கள்.

அமைப்புச் சொற்களைக் கவனித்தால் இந்த ஆட்களின் கற்பனை புரியும். கிளைச் சங்கத்துக்குப் பெயர் 'கூடு'. லுவூவ் சங்கம் 'தாய்'. எல்லாக் கூடுகளும் கூடும் பெருவிழா ஸ்லோட். பறந்து வந்து ஒன்றுசேர்தல் என்று பொருள். ஆண் உறுப்பினர் ட்ரூஹ், தோழன், பெண் ட்ரூஹ்னா. போலிஷ் கல்யாணத்தில் மணப்பெண் தோழிக்கு இன்றும் ட்ரூஹ்னா என்றுதான் பெயர். முதலாளி, தொழிலாளி, வக்கீல், செருப்புத் தைப்பவர் யாரானாலும் கூடத்துக்குள் 'ஐயா' கிடையாது, ட்ரூஹ்தான். வணக்கம் ச்சோவெம். இது 'நெற்றி' என்ற சொல்லின் மூன்றாம் வேற்றுமை: 'நெற்றியால்'. நெற்றியால் தரையைத் தொட்டு வணங்குகிறேன் என்ற பழைய மரியாதை மொழியின் மிச்சம். குனிந்து வணங்கியவர்களின் சொல்லை நிமிர்ந்து நின்று சொல்ல வைத்தார்கள். நிர்வாகத் தலைவர் ஒருவர், பயிற்சித் தலைவர் இன்னொருவர். பயிற்சித் தலைவருக்கு வைத்த நாச்செல்னிக் என்ற பட்டம் ரஷ்யாவுக்கு எதிரான 1794 கிளர்ச்சியை நடத்திய கொஷ்சியுஷ்கோ வகித்தது. இது எந்த போலந்துக்காரனுக்கும் விளங்கும். ஆஸ்திரியத் தணிக்கையாளருக்கு விளங்கினாலும், ஜிம் வாத்தியாரின் பட்டத்துக்காக வழக்குப் போட முடியாது. சின்னம், வல்லூறு கால் நகத்தில் டம்பெல்ஸைப் பற்றிக்கொண்டு பறப்பது. விழா உடுப்பில் இத்தாலிய விடுதலைத் தளபதி கரிபால்டியின் வீரர்களை நினைவூட்டும் சிவப்புச் சட்டையும் தொப்பியில் வல்லூறு இறகும் உண்டு.

இத்தனை இருந்தும் முதல் 17 ஆண்டுகள் லுவூவ் தனியாகத்தான் இருந்தது. இதை வரலாறு எழுதுகிறவர்கள் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். காரணம் எளிது. கூடம் வேண்டும், உயரமான கூரை வேண்டும், கருவி வேண்டும், குளிர்காலத்தில் சூடேற்ற விறகு வேண்டும், அதைவிட முக்கியமாகச் செய்து காட்டத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும். பணம் திரட்டலாம், வாத்தியாரைத் திரட்ட முடியாது. லுவூவ் இந்த ஆண்டுகளில் ஆட்களைத் தயாரித்தது. 1884-85-ல் டார்னூவ், ஸ்தானிஸ்லாவூவ், ப்ஷெமிஷ்ல், கிராக்கோவ் என்று கூடுகள் முளைத்தன. பிரஷ்யப் பகுதியில் 1884-ல் இனோவ்ரொட்ஸ்லாவ், இரண்டு ஆண்டில் போஸ்னான். பிறகு தடுக்க முடியவில்லை. கலீசியாவின் சிற்றூர்களில் கூட 'சொக்குவ் இல்லம்' எழுந்தது. அந்தக் கட்டடங்களில் மேடை, நூலகம், நடன அறை எல்லாம் இருந்தன. நாடகத்துக்கும் திருமணத்துக்கும் வாடகைக்கு விட்டால்தான் கடன் அடையும். அதனால் பயிற்சி இருக்கும் நாளில் நாற்காலி அடுக்கியிருக்கும் என்ற பழைய புகார் எல்லா ஊருக்கும் பொது.

கிளைகளைக் கட்டியிழுத்து நிற்கவைத்தது ஸ்லோட். 1892-ல் லுவூவில் வெள்ளிவிழாவை ஒட்டி முதலாவது. கலீசியக் கூடுகளின் கூட்டமைப்பும் அதே ஆண்டில். பிறகு 1894, 1896, 1903. ஸ்லோட்டின் மையம் எல்லோரும் சேர்ந்து செய்யும் கருவியற்ற பயிற்சி. நம் பள்ளி விளையாட்டு விழாவில் செய்யும் மாஸ் டிரில் மாதிரி. பயிற்சியை நான்கு, எட்டு எண்ணிக்கைகளாக வகுத்து அச்சிட்டு, மாதங்களுக்கு முன்பே கூடுகளுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு கூடும் தன் ஊரில் தனியாகப் பழகும். திடலில் எல்லோரும் சேரும்போது ஒத்திகைக்கு நேரம் கொஞ்சமே. அதில் எது பிசகும் என்றால், முதலில் இடைவெளி. இரு கையையும் பக்கவாட்டில் விரித்தால் ஒருவருக்கு ஏறக்குறைய 1.75 மீட்டர், அதில் முன்வைத்துக் குனியும் அடியும் சேர்ந்தால் இன்னும் வேண்டும். ஊர்க் கூடத்தில் நெருக்கி நின்று பழகியவன் இங்கே வந்து பக்கத்து ஆளைக் குத்துவான். அதற்குத்தான் தரையில் குறி போடுவது. இரண்டாவது, வேகம். நூறு மீட்டர் தள்ளி நிற்பவனுக்கு வாத்தியம் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதமாகவே கேட்கும். காதை நம்பினால் கடைசி வரிசை அலையடித்தது போலப் பின்தங்கும். அதனால் கண்ணை நம்பு, மேடையில் நிற்கும் நாச்செல்னிக்கைப் பார் என்பது விதி. மூன்றாவது, திரும்பும் அசைவு. கால் திரும்பும் இடத்தில் ஊருக்கு ஊர் வலது இடது மாறிப் பழகியிருந்தால், நடுத்திடலில் முகத்துக்கு முகம் நின்று விழிப்பார்கள். அச்சுப் பிரதி இருந்தும் இது நடக்கும்.

1894 ஜூலை 14 அன்று, லுவூவ் பொருட்காட்சித் திடலில் ஸ்லோட் நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒரு சின்ன இடத்தைக் கால்பந்துக்கு ஒதுக்கினார்கள். லுவூவ் சொக்குவ் ஒரு பக்கம், கிராக்கோவ் சொக்குவ் மறுபக்கம். லுவூவில் இந்த விளையாட்டைப் பழக்கியவர்களில் ஒருவர் எட்மண்ட் செனார் என்ற உடற்பயிற்சி ஆசிரியர். ஆறாவது நிமிடம் 16 வயது விளோட்ஸிமியெஷ் ஹொமிட்ஸ்கி கோல் அடித்தார். உடனே ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அடுத்த உடற்பயிற்சிக் காட்சிக்கு நேரமாகிவிட்டது. போலந்து மண்ணின் முதல் பதிவான கால்பந்துப் போட்டி அப்படித்தான் 1-0 என்று முடிந்தது. திடலில் இருந்தவர்களுக்கு இது இடைவேளைக் கேளிக்கை. பார்க்க வந்தது உடற்பயிற்சி.

கலீசியாவில் மிஞ்சிப்போனால் கடன் தொல்லை. பிரஷ்யாவில் காவல்துறையே வாசலில் நின்றது. அங்கே பள்ளியில் போலிஷ் மொழிக்கே இடமில்லை. 1901-ல் விஷெஸ்னியா ஊர்ப் பிள்ளைகள் மத வகுப்பில் ஜெர்மனில் பதில் சொல்ல மறுத்து அடிபட்டார்கள். 1908-ல் வந்த பேரரசுச் சங்கச் சட்டம் பொதுக்கூட்டத்தில் ஜெர்மன்தான் பேச வேண்டும் என்றது. ஜெர்மன் பேசாதவர்கள் 60 விழுக்காட்டுக்கு மேல் உள்ள மாவட்டங்களுக்கு மட்டும் 20 ஆண்டு தவணை. அரசியல் சங்கத்தில் 18 வயதுக்குக் கீழானவர்கள் சேரக்கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. உடற்பயிற்சிச் சங்கத்தை 'அரசியல்' என்று முத்திரை குத்திவிட்டால் பையன்களை வெளியேற்றிவிடலாம். கட்டளை மொழி எதற்கு என்று மேலே சொன்னது இங்கேதான் கடிக்கும். ரஷ்யப் பகுதியில் கதை இன்னும் குறுகியது: 1905 புரட்சியின் நெரிசலில் வார்சாவில் சங்கம் பிறந்தது, 1906-ல் மூடப்பட்டது.

கூடங்களுக்குள் வந்தவர்கள் பெரும்பாலும் நகரத்து ஆட்கள்: அலுவலர், ஆசிரியர், மாணவர், கைவினைஞர். விவசாயி வந்தது பிந்தித்தான். லுவூவ் போலந்துக்காரரின் ஊர் மட்டுமல்ல. உக்ரைனியர்கள் 1894-ல் தங்கள் வல்லூறுச் சங்கமான சோக்கிலை நிறுவினார்கள். இவான் போபெர்ஸ்கி அங்கே உக்ரைனியக் கலைச்சொல் உண்டாக்கினார். துர்ஸ்கி செய்த அதே வேலை. ஒரே ஊர், ஒரே கருவி, வேறு கட்டளை. போலிஷ் சங்க வரலாறுகளில் இது அடிக்குறிப்பாகக் கூட வராமல் போவது எனக்கு உறுத்தும்.

1910 ஜூலையில் கிராக்கோவில் நடந்த ஸ்லோட், 1410 க்ருன்வால்ட் போரின் 500-ம் ஆண்டு. பியானோ கலைஞர் பதெரெவ்ஸ்கி செலவில் எழுந்த நினைவுச்சின்னம் அப்போது திறக்கப்பட்டது. ஜெர்மானிய வீரத்துறவிகளை வென்ற போருக்கு விழா எடுப்பது யாரைக் குறிவைத்தது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் காலத்தில் இளைஞர்களுக்குக் கூடம் போரடித்துவிட்டது. காடு வேண்டும், துப்பாக்கி வேண்டும். லுவூவில் ரகசியப் படிப்புக் குழுவில் இருந்த அந்த்ஷெய் மாவ்கொவ்ஸ்கி என்ற மாணவர் பயிற்சிக்குத் தாமதமாக வந்ததற்குத் தண்டனையாக பேடன்-பவலின் சாரணர் கையேட்டை மொழிபெயர்க்கச் சொன்னார்கள் என்பது சாரணர்களிடையே வழங்கும் கதை. தண்டனை பிடித்துப்போய்விட்டது. 1911 மே 22-ல் லுவூவ் சொக்குவின் குடையின் கீழ்த்தான் முதல் சாரணத் தலைமையகமும் முதல் அணிகளும் உருவாயின. சாரணர்கள் பின்னர் தனி வழி போனார்கள். கூடத்துச் சொற்களை மட்டும் கொண்டுபோய்விட்டார்கள். ஸஸ்டெம்ப் இன்று சாரணர் சிறு குழு. ட்ரூஹ், ட்ரூஹ்னா இன்றும் சாரணர் அழைப்பு. 1940-களில் கோலாப்பூர் அருகே வளிவடே முகாமில் தங்கவைக்கப்பட்ட போலந்து அகதிப் பிள்ளைகளிடையேயும் சாரணர் அணிகள் நடந்தன.

ஆயுதம் கேட்டவர்களுக்கு 1912-லிருந்து சொக்குவ் தனி அணிகளை அமைத்தது. ஆஸ்திரியப் படையிலிருந்து விலகிய யூசெஃப் ஹாலர் பயிற்சியை நடத்தினார். கம்பியில் ஆடுவதற்கும் சேற்றில் ஊர்வதற்கும் சம்பந்தமில்லை என்று பழைய ஆசிரியர்கள் முணுமுணுத்தாலும், வரிசையில் நிற்கவும் கட்டளைக்கு அசையவும் இவர்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. 1914-ல் இவர்களால் நிரம்பிய கிழக்குப் படையணி, ஆஸ்திரியச் சத்தியப் பிரமாணத்தை ஏற்க மறுத்து செப்டம்பரில் ம்ஷானா டோல்னாவில் கலைந்தது. மீதமிருந்தவர்களை ஹாலர் கூட்டிக்கொண்டு போனார்.

கடல் தாண்டிப் பறந்த கூடு வேறு மாதிரி. சிகாகோவில் 1887-ல் தொடங்கியது. 1917 ஏப்ரலில் பிட்ஸ்பர்கில் நடந்த மாநாட்டில் ஒரு லட்சம் பேர் கொண்ட படை திரட்டலாம் என்று பதெரெவ்ஸ்கி பேசினார். எண்ணிக்கை அந்த அளவு எட்டவில்லை. கனடாவின் நயாகரா-ஆன்-த-லேக் முகாமில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் பயின்று பிரான்சுக்குக் கப்பல் ஏறினார்கள். பிரெஞ்சு நீல உடுப்பு அணிந்த அந்தப் படைக்குத் தளபதியாக வந்தவர் அதே ஹாலர். அமெரிக்கச் சங்கம் நாளடைவில் உறுப்பினர்களுக்கு ஆயுள் காப்பீடு விற்கும் சகோதர அமைப்பாயிற்று. ஃபூக்னர் காப்பீட்டுக்காரர் என்று சொன்னேனல்லவா, வட்டம் அப்படிச் சுற்றிவிட்டது.

1918-க்குப் பிறகு நாடு கிடைத்தது. சங்கத்துக்கு வேலை குறைந்தது. 1919-ல் மூன்று பகுதிச் சங்கங்களும் ஒன்றுசேர்ந்தன, 1921-ல் வார்சாவில் பெரும் ஸ்லோட். ஆனால் இப்போது உடற்பயிற்சியை அரசே நடத்தியது. பள்ளியில் மணி அடித்தால் போலிஷில்தான் கட்டளை. 1926-ல் மார்ஷல் பிவ்சுத்ஸ்கி ஆட்சியைப் பிடித்ததும், தேசியவாதக் கட்சியோடு ஒட்டியிருந்த சொக்குவ் அரசின் சந்தேகத்துக்குள்ளானது. கட்சி சார்ந்துவிட்ட கூடத்தில் எல்லோரையும் 'ட்ரூஹ்' என்று எப்படி அழைப்பது? 1939-ல் வந்த நாஜிகள், மேற்குப் போலந்தில் போலிஷ் சங்கங்களில் முன்னின்றவர்களைத் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். உறுப்பினராக இருந்ததே ஆபத்தானது. போருக்குப் பிறகு தலைதூக்கியதை 1947-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி கலைத்தது. 1989-க்குப் பிறகு மீண்டும் பதிவு செய்துகொண்டார்கள்.

கட்டடங்கள் நின்றுவிட்டன. கிராக்கோவில் 1889-ல் கார்ல் க்னாவுஸ் வரைந்து, பிறகு தலோவ்ஸ்கி விரிவாக்கிய செங்கல் இல்லம் பிவ்சுத்ஸ்கி தெருவில் இருக்கிறது. மேடையும் உயரக் கூரையும் இருந்ததால் பல ஊர்களில் சொக்குவ் இல்லம் தியேட்டராகவோ கலாச்சார மையமாகவோ மாறிவிட்டது. நோவி சோஞ்ச் ஊரில் படம் பார்க்கப் போகிறவர்கள் இன்றும் 'சொக்குவில் என்ன ஓடுகிறது?' என்றுதான் கேட்கிறார்கள்.